28 நாள்ல காலாவதியான பாட்டில்கள்: ஒரு அரசாங்க கான்ட்ராக்ட் எங்க லேப்ல ஓடின கதை

பினாங்குல ஒரு பல்கலைக்கழக லேப்ல நான் ஆர்ஏவா, அதாவது ஆராய்ச்சி உதவியாளரா, வேலைக்கு சேர்ந்தது 2016 கடைசியில. ஆத்துத் தண்ணி, ஆத்துச் சேறு, கெராங்ங்கற சிப்பி, இதுல எல்லாம் உலோகம் எவ்வளவு இருக்குன்னு பாக்கற லேப். இப்பவும் அங்கதான் இருக்கேன், வேற பதவியில. 2017ல இருந்து 2019 வரைக்கும் நாங்க செஞ்ச ஒரு கான்ட்ராக்ட் ஆராய்ச்சிய பத்தி முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன், ஏன்னா அதுல தப்பு செஞ்சது யாருன்னு தேடினா ஒரு ஆளக்கூட கை காட்ட முடியாது, ஆனா ரெண்டு பேரு சம்பளம் இல்லாம மூணு மாசம் ஓட்டினோம், ஒரு மாஸ்டர்ஸ் பிள்ளையோட படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போச்சு, ஒரு சுற்று பாதரச சாம்பிள் முழுக்க வீணாப் போச்சு. ஏஜென்சி பேரு, பல்கலைக்கழகம் பேரு, ஆத்தோட பேரு எதுவும் போடல. இதே மாதிரி வேற லேப்லயும் நடக்குதுன்னு எனக்குத் தெரியும்.

மொதல்ல ஏன் இந்த கான்ட்ராக்ட்ட எடுத்தோம்னு சொல்லிடறேன். நம்ம நாட்டுல பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அரசாங்கக் காசு பெரும்பாலும் கிராண்ட்டா வரும். 1988ல இருந்து ஐஆர்பிஏன்னு ஒரு திட்டம் இருந்துச்சு, அப்புறம் 2006ல ஒன்பதாவது மலேசியத் திட்டத்தோட எஃப்ஆர்ஜிஎஸ்ங்கற அடிப்படை ஆராய்ச்சி கிராண்ட் வந்துச்சு, அதே வருஷம்தான் நாலு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்ங்கற தகுதி குடுத்தாங்க, 2010ல அஞ்சாவதா ஒண்ணு சேந்துச்சு. அந்த நேரத்துல லேப்புக்குள்ள வந்தவங்க எல்லாம் நல்லா இருந்த காலத்த பத்திதான் பேசுவாங்க. நான் வந்தப்ப நிலைமை வேற. 2017 பட்ஜெட்ல பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடுச்சு. நாடு முழுக்க ஆராய்ச்சிக்குப் போற செலவு 2016ல மொத்த உற்பத்தியில 1.44 விழுக்காடு, 2018ல 1.04, 2020ல 0.95. எங்க லேப்ப நடத்தற டாக்டர் போட்ட ரெண்டு கிராண்ட் மனுவும் கிடைக்கல. மெஷின் இருக்கு, கத்துக்கிட்ட ஆளுங்க இருக்காங்க, காசு இல்ல. அப்பதான் ஒரு அரசாங்க ஏஜென்சி வந்து, பெருநிலத்துப் பக்கம் ஒரு ஆத்து முகத்துவாரத்துல பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாம் எவ்வளவுன்னு 18 மாசம் பாத்துச் சொல்லுங்க, 360,000 ரிங்கிட் தர்றோம்னாங்க. டாக்டர் என்னையும் கூட இருந்த இன்னொரு ஆர்ஏவையும் கூப்பிட்டு, "இத எடுத்தா உங்க ரெண்டு பேரயும் வச்சிக்க முடியும்மா" அப்டின்னாங்க. அத கேட்டப்புறம் நாங்க கான்ட்ராக்ட் பேப்பரப் படிக்கணும்னு யாரும் நெனைக்கல, நெனைக்கற நிலைமையில இல்ல.

அந்தப் பேப்பர்ல இருந்தது இதுதான். காசு அஞ்சு தவணை. தொடக்க ரிப்போர்ட் குடுத்தா 10 விழுக்காடு, அப்புறம் மூணு இடைக்கால ரிப்போர்ட்டுக்கு 25, 25, 25, கடைசி ரிப்போர்ட்டுக்கு 15. ஒவ்வொரு தவணையும் ரிப்போர்ட் குடுத்தவுடனே இல்ல, அவங்க கமிட்டி உக்காந்து அத ஏத்துக்கிட்ட பிறகுதான். கமிட்டி எத்தனை நாளுக்குள்ள உக்காரணும்னு ஒரு வரி கூட இல்ல. நாங்க லேட்டானா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தண்டம் இருக்கு, அவங்க லேட்டானா ஒண்ணும் இல்ல. டேட்டா முழுக்க ஏஜென்சிக்குச் சொந்தம், எழுத்துமூலமா அனுமதி இல்லாம வெளியில சொல்லவும் கூடாது எழுதவும் கூடாது. சில அளவுகள சாம்ங்கற தேசிய லேப் அங்கீகாரம் உள்ள லேப்லதான் பண்ணணும்னு ஒரு வரி, எங்க லேப்புக்கு அது கிடையாது, அதனால அத வெளியில ஒரு தனியார் லேப்ல குடுக்கணும், அவங்க காசு மொதல்ல கட்டினாதான் சாம்பிள வாங்குவாங்க.

2017 பிப்ரவரியில கையெழுத்து. மார்ச்ல தொடக்க ரிப்போர்ட். மொத தவணை 36,000 ரிங்கிட் வந்து சேந்தது ஜூன்ல. அதுல பல்கலைக்கழக நிர்வாகக் கட்டணம் 15 விழுக்காடு, 5,400 போச்சு. கையில 30,600. எங்க ரெண்டு பேரு சம்பளம் தலைக்கு 1,800, சேமநிதி ஈபிஎஃப், காப்புறுதி சொக்சோ எல்லாம் சேத்து மாசம் நாலாயிரத்து சொச்சம். ஜூலையில இருந்து நவம்பர் வரைக்கும் கணக்குப் போட்டா சம்பளமே இருபதாயிரம் தாண்டிடும். மிச்சத்துல வெளி லேப் பில்லு, படகு வாடகை, ஆசிட், ஆர்கான். நவம்பர் கடைசியில எங்க வோட்ல, அதாவது ப்ராஜெக்ட் கணக்குல, இருந்தது முந்நூறு ரிங்கிட்டுக்கும் கீழ. ரெண்டாவது தவணை 90,000 வந்துரும்னு நம்பித்தான் இப்படி செலவு செஞ்சோம். அந்த நம்பிக்கைக்கு பேப்பர்ல ஆதாரம் இல்லங்கறது அப்ப யாருக்கும் தோணல.

வேலை எப்படி நடக்கும்னு கொஞ்சம் சொல்றேன், இல்லாட்டி அடுத்து நடந்தது ஏன் அவ்வளவு வலிச்சிச்சுன்னு புரியாது. சாம்பிள் எடுக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பாட்டில் கழுவ ஆரம்பிச்சிடுவோம். மொதல்ல சோப்பு, அப்புறம் 10 விழுக்காடு நைட்ரிக் ஆசிட்ல ராத்திரி முழுக்க ஊறணும், காலையில சுத்தத் தண்ணியில மூணு தடவ அலசி, தலைகீழா கவுத்து, தூசி படாம மூடி வைக்கணும். லேப் அண்ணே கழுவினா மட்டும்தான் டாக்டருக்கு நம்பிக்கை, அவரு இருபது வருஷமா இதே வேலைய அதே மாதிரி செய்றவரு, பாட்டில் வாய வெறுங்கையால தொட்டுட்டா அத திருப்பி ஆசிட்ல போட்டுடுவாரு, எதுவும் பேச மாட்டாரு. பாதரசம் பாக்கறது கோடியில ஒரு பங்குக்கும் கீழ பாக்கற வேலை, கைரேகையில ஒட்டியிருக்கறது கூட கணக்குல வந்துடும். காலையில நாலு மணிக்கு வேன், பாலம் தாண்டி அந்தப் பக்கம், தண்ணி வத்தற நேரத்துக்கு படகுத் துறையில இருக்கணும். படகு ஒரு பாக்சிக்கோடது, மலாய்ல மாமான்னு கூப்பிடற மாதிரி, அவருக்கு அந்த ஆறு எங்க ஆழம் எங்க மண்மேடுன்னு கண்ண மூடிட்டு தெரியும். பன்னண்டு இடம், ஒவ்வொண்ணுலயும் தண்ணி ரெண்டு பாட்டில், சேறு ஒரு டப்பா. எடுத்த இடத்துலயே ஆசிட் சொட்டு விட்டு பிஎச் ரெண்டுக்குக் கீழ கொண்டு வந்து ஐஸ் பெட்டியில அடுக்கணும். திரும்பி வர்றப்ப டோல் ரசீத நான்தான் பத்திரமா வச்சிருப்பேன், தீவுக்கு வர்ற பக்கம் மட்டும்தான் டோல், அப்ப ஏழு ரிங்கிட், அதுக்கும் ரசீது இல்லாம பல்கலைக்கழக நிதிப் பிரிவான பெண்டஹாரி ஆபீஸ்ல க்ளைம் எடுக்க மாட்டாங்க.

ரெண்டு சுற்று சாம்பிள் முடிச்சு, ரெண்டாவது ரிப்போர்ட்ட 2017 அக்டோபர் 31 குடுத்தோம். சொன்ன தேதி அதுதான், ஒரு நாள் கூட பிந்தல. நாலு நாள் கழிச்சு, நவம்பர் 4 ராத்திரி பினாங்குல அந்தப் பேய் மழை. அத அனுபவிச்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல, ஏழு பேரு செத்துப்போனாங்க, ஜாலான் பி ரம்லி பக்கம் இடுப்பு அளவு தண்ணி, எங்க சித்தி வீட்டுல ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு. ஆத்துல நாங்க கட்டி வச்சிருந்த உப்பு அளவு பாக்கற ரெண்டு கருவியும் போன இடம் தெரியல. கான்ட்ராக்ட்ல இயற்கைச் சீற்றத்துக்குன்னு ஒரு பத்தி இருந்துச்சு, ஆனா அது நாள் நீட்டிப்புக்கு மட்டும்தான், போன கருவிக்குக் காசு கிடையாது.

வெள்ளத்துல ஏஜென்சி ஆளுங்களுக்கும் தலைக்கு மேல வேலை. கமிட்டி நவம்பர்ல உக்கார வேண்டியது தள்ளிப்போச்சு. டிசம்பர்ல அரசாங்கம் கணக்கு மூடற நேரம், மாசத்து நடுவுலேயே பில்லு உள்ள போயாகணும், அது தாண்டினா அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல இருந்துதான் எடுக்கணும், அதுக்குத் தனியா அனுமதி கேக்கணும். எங்க பில்லு தாண்டிடுச்சு. 2018 ஜனவரியில போன் பண்ணி கேட்டா பேப்பர் மேல போயிருக்குன்னாங்க. மார்ச்லயும் அதே பதில். மே 9 தேர்தல், அறுபது வருஷத்துக்கு மேல இருந்த ஆட்சி மாறிச்சு, அத நெனச்சு எங்க வீட்டுலயும் சந்தோஷம்தான், ஆனா ஆபீஸ் வேலையில அது என்ன செஞ்சிச்சுன்னா கெமெந்திரியான், அதாவது அமைச்சு, எல்லாத்தயும் பிரிச்சு சேத்தாங்க. உயர்கல்வி கல்வியோட சேந்துச்சு. அறிவியல் தொழில்நுட்பம், எரிசக்தி, சுற்றுச்சூழல், பருவநிலை எல்லாம் ஒரே கூரைக்குள்ள வந்துச்சு. 2020ல திரும்பவும் பிரிச்சாங்க. லெட்டர்ஹெட் மாறுது, கையெழுத்துப் போடற ஆபீசர் மாறறாரு, புதுசா வந்தவரு இந்த ப்ராஜெக்ட் எதுக்குன்னு மொதல்ல இருந்து கேக்கறாரு, கேக்கறது அவரோட கடமை. ரெண்டாவது தவணை எங்களுக்கு வந்தது 2018 ஆகஸ்ட்ல. ரிப்போர்ட் குடுத்து பத்து மாசம்.

அந்தப் பத்து மாசத்துக்கு நடுவுலதான் மூணாவது சுற்று சாம்பிள் போச்சு.

2018 ஜனவரி 9, 10, ரெண்டு நாள் போய் எடுத்தோம். பினாங்குப் பக்கம் ஜனவரி வெயில் காலம், ஆத்துல தண்ணி குறைவா இருக்கும், அழுக்கு கரையாம கெட்டியா நிக்கும், அதனால வருஷத்துலயே முக்கியமான சுற்று அதுதான். படகுக்கு டாக்டர் சொந்தக் காசு குடுத்தாங்க. சாம்பிள் நல்லா வந்துச்சு, 24 பாட்டில் தண்ணி. இத உலோக அளவு பாக்கற ஐசிபி எம்எஸ் மெஷின்ல போடணும், அந்த மெஷின் ஆர்கான் வாயுவுல ஓடறது, நிமிஷத்துக்கு பதினஞ்சு பதினேழு லிட்டர் குடிக்கும், ஒரு பெரிய சிலிண்டர் ஒரு நாள் வேலைக்குத்தான் வரும். சிலிண்டர் குடுக்கற கம்பெனிக்கு நாங்க மூணு பில்லு பாக்கி. தொண்ணூறு நாள் தாண்டிடுச்சுன்னு சொல்லி எங்க கணக்க நிறுத்திட்டாங்க. அவங்கள குறை சொல்ல முடியாது, சின்ன கம்பெனி, நாலு ஆளு.

மத்த உலோகத்துக்கு ஆசிட் விட்டு வச்சா ஆறு மாசம் வரைக்கும் நேரம் இருக்கு. பாதரசத்துக்கு 28 நாள்தான். அதுக்கு மேல அது பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும், ஆவியாவும் போகும், அளந்தா வர்ற எண்ணு ஆத்துல இருந்த எண்ணு இல்ல. பிப்ரவரி 7 கடைசி நாள்னு நான் குளிர் அறை கதவுல ஒரு காகிதத்துல பெருசா எழுதி ஒட்டினேன். பக்கத்து பில்டிங்ல ஒரு லேப்ல சிலிண்டர் கடன் கேட்டோம், அவங்க கிட்ட ஒண்ணு இருந்துச்சு, அவங்களுக்கும் அது வேணும். டாக்டர் சொந்தக் காசுல வாங்கறேன்னாங்க, ஆனா கணக்கு நிறுத்தினா நிறுத்தினதுதான், பழைய பாக்கி தீராம புது சிலிண்டர் பல்கலைக்கழக வாசலுக்குள்ள வராது. பெண்டஹாரி ஆபீஸ்ல நான் போய் நின்னேன். கவுண்டர்ல இருந்த காக், மலாய்ல அக்கா, ரொம்ப நல்லவங்க, கம்ப்யூட்டரத் திருப்பி என் கண்ணுக்கே காட்டினாங்க, வோட்ல இருக்கறது 287 ரிங்கிட். "காசு வந்தா அன்னிக்கே விடறேன், இல்லாத வோட்ல இருந்து என்னால எப்படி எடுக்க முடியும், சொல்லு" அப்டின்னாங்க. கான்ட்ராக்ட் மதிப்பு 360,000, ரெண்டு சுற்று வேலை முடிச்சாச்சு, ரிப்போர்ட் குடுத்தாச்சு, ஆனா திரையில 287. பிப்ரவரி 7 தாண்டிச்சு.

அதுக்கப்புறம் நடந்தது ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டது. பாதரசம் இல்லாம மூணாவது ரிப்போர்ட் குடுத்தோம், ஈயம் காட்மியம் எல்லாம் பின்னாடி ஒரு வழியா ஆறு மாசத்துக்குள்ள அளந்துட்டோம். கமிட்டி முழுமை இல்லன்னு திருப்பி அனுப்பிச்சிடுச்சு. அவங்க சொன்னதும் சரிதான், பேப்பர்ல பாதரசம்னு எழுதியிருக்கு, நாங்க குடுக்கல. ஏன் குடுக்க முடியலன்னா அவங்க காசு வரல. ஏன் காசு வரலன்னா அவங்க கமிட்டி உக்காரல. திரும்ப சாம்பிள் எடுங்கன்னாங்க, செப்டம்பர்ல போய் எடுக்கலாம், ஆனா செப்டம்பர் அக்டோபர் மழை காலம், ஆறு வேற ஆறு. வெயில் கால எண்ணு வேணும்னா 2019 ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்தோம். 2018 ஆகஸ்ட்ல முடிய வேண்டிய ப்ராஜெக்ட்டுக்கு நாள் நீட்டிப்பு கேட்டு, தண்டம் வேண்டாம்னு தனியா ஒரு கடிதம் எழுதி, அதுக்கு ஒரு கூட்டம். கடைசி தவணை 2019 நவம்பர்ல வந்துச்சு.

சம்பளம். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் டாக்டரோட பழைய கிராண்ட் ஒண்ணுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதுல ஓட்டினோம். மார்ச், ஏப்ரல், மே, மூணு மாசம் எதுவும் இல்ல. ஆர்ஏ வேலை மாசா மாசம் புதுப்பிக்கற வேலை, காசு இல்லாட்டி புதுப்பிக்க முடியாது, புதுப்பிக்காட்டி நாங்க வேலையிலயே இல்ல, வேலையில இல்லாதவங்களுக்குப் பின்னாடி பாக்கிச் சம்பளம்னு ஒண்ணும் கிடையாது. ஆனா சாம்பிள் இருக்கு, குளிர் அறை இருக்கு, மாஸ்டர்ஸ் பிள்ளைக்கு மெஷின் ஓட்டத் தெரியாது, எப்படி வீட்டுல உக்கார்றது, வந்துட்டு இருந்தோம். என் கூட இருந்த தம்பி நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தோட்டத்துல இருந்து வர்ற பையன், அப்பா இல்ல, தங்கச்சி காலேஜ்ல. மே மாசம் ஒரு நாள் மத்தியானம் லேப் கோட்ட கழட்டி மடிச்சு என் மேசை மேல வச்சிட்டு, "அக்கா, பயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில கூப்பிட்டாங்க, ஷிஃப்ட் வேலைதான், ஈபிஎஃப் இருக்கு" அப்டின்னான். நல்லா வேலை தெரிஞ்ச பையன். அந்த மெஷின்ல பாதரசம் அளக்கறதுக்கு முன்னாடி தங்கக் கரைசல் சேத்து குழாய அலசற நெளிவு சுளிவு எல்லாம் அவன்தான் எனக்கே சொல்லிக் குடுத்தான். அவன் திரும்பி வரல. ஆகஸ்ட்ல தொண்ணூறாயிரம் வந்தப்ப அவனுக்கு குடுக்க வழி இல்ல, அவன் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல.

இத எல்லாம் பாத்த பிறகு, இந்த மாதிரி கான்ட்ராக்ட் போட்டு பல்கலைக்கழகத்துக்கு வேலை குடுக்கற பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு நான் தேடித் தேடிப் படிச்சேன். இன்னிக்கு நம்ம பாக்கற வடிவம் பெரும்பாலும் அமெரிக்காவுல ரெண்டாம் உலகப் போர் நேரத்துல உருவானது. 1940ல வன்னிவர் புஷ்ங்கற பொறியாளரோட யோசனைப்படி ஒரு ஆராய்ச்சிக் குழு அமைச்சாங்க, 1941ல அது ஓஎஸ்ஆர்டிங்கற பெரிய ஆபீசாச்சு. அதுக்கு முன்னாடி ராணுவத்துக்கு ஆராய்ச்சி வேணும்னா ராணுவமே பெரும்பாலும் தன் கூடத்துல செய்யும். இவங்க மாத்திப் பண்ணாங்க, விஞ்ஞானி அவங்கவங்க பல்கலைக்கழகத்துலயே இருக்கட்டும், அரசாங்கம் கான்ட்ராக்ட் போட்டு காசு குடுக்கும். எம்ஐடியில ரேடார் வேலை செஞ்ச ரேடியேஷன் லேப்ல போர் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 4,000 பேரு இருந்தாங்க. அந்த கான்ட்ராக்ட்டுக்கெல்லாம் அடிப்படையா ஒரு விதி இருந்துச்சு, பல்கலைக்கழகத்துக்கு லாபமும் கூடாது நஷ்டமும் கூடாது. ஆன செலவு, அதோட கட்டடம் கரண்டு கணக்கப்பிள்ளை இதுக்கெல்லாம் சேத்து ஒரு பங்கு, ரெண்டும் குடுத்தாங்க. போர் முடிஞ்சு 1946ல கடற்படை ஆராய்ச்சி ஆபீஸ் அதே வழியத் தொடர்ந்துச்சு, 1950ல தேசிய அறிவியல் அறக்கட்டளை வந்தப்புறம் கிராண்ட் பெருசாச்சு.

அதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, 1977ல அங்க ஒரு சட்டம் போட்டாங்க. அரசாங்கம் தன் சொந்தத் தேவைக்கு ஒண்ண வாங்குதுன்னா அது கான்ட்ராக்ட், பொது நன்மைக்காக ஒரு வேலைக்குக் கை குடுக்குதுன்னா அது கிராண்ட், ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு. இன்னொண்ணு, அவங்க அரசாங்கக் கொள்முதல் விதியிலயே ஆராய்ச்சிக்குன்னு தனிப் பகுதி இருக்கு. ஆராய்ச்சியில என்ன வரும்னு மொதல்லயே துல்லியமா எழுத முடியாது, செலவையும் கணிக்க முடியாது, அதனால நிலையான விலை கான்ட்ராக்ட் பொதுவா சரிப்படாது, ஆன செலவ திருப்பிக் குடுக்கற கான்ட்ராக்ட்தான் பொருத்தம்னு அதுல எழுதியிருக்கு. இத படிச்சப்ப எனக்கு எங்க பேப்பர் ஞாபகம் வந்துச்சு. எங்களோடது நிலையான விலை, பொருள் கைக்கு வந்த பிறகு காசு. மேசை நாற்காலி வாங்கறதுக்கு அது சரியான முறை. நாற்காலி செய்றவரு ஒரு மாசம் லேட்டா காசு வாங்கினாலும் நாற்காலி நாற்காலியாத்தான் இருக்கும். பாட்டில்ல இருக்கற பாதரசம் அப்படி இல்ல.

அமெரிக்கா முறை எல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. நிர்வாகப் பங்குங்கற அந்தக் காசுலதான் அங்க பெரிய சண்டையே. 1991ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு உல்லாசப் படகோட செலவு வரைக்கும் அந்தக் கணக்குல எழுதினது வெளிய வந்து, நாடாளுமன்ற விசாரணை, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகறேன்னு சொல்ற அளவுக்குப் போச்சு, அதுக்கப்புறம் நிர்வாகச் செலவுக்கு 26 விழுக்காடுன்னு வரம்பு போட்டாங்க. 2025 பிப்ரவரியில அவங்க தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் கட்டடம் கரண்டு நிர்வாகம் எல்லாம் சேந்த மொத்த மறைமுகச் செலவையும் 15 விழுக்காட்டுக்குக் குறைக்கறோம்னு ஒரே ராத்திரியில அறிவிச்சிச்சு, பல்கலைக்கழகங்களும் மாநிலங்களும் வழக்கு போட்டு நீதிமன்றம் தடுத்துச்சு. எங்க கிட்டயும் 15 விழுக்காடு எடுத்தாங்க. எடுக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல, பெண்டஹாரி ஆபீஸ் காக்குக்கும் சம்பளம் வேணும். அந்தப் பங்கு எதுக்குங்கறதுதான் கேள்வி. மொத்தக் கான்ட்ராக்ட்டுக்கு 54,000 ரிங்கிட் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. அதுல ஒரு துண்ட முன்பணமா ஒதுக்கி வச்சிருந்தா, அரசாங்கம் கண்டிப்பா குடுக்கப் போற காச நம்பி எங்க வோட்ல பத்தாயிரம் போட்டிருந்தா, ஆர்கான் வந்திருக்கும், பாதரசம் அளந்திருப்போம், மூணாவது ரிப்போர்ட் முழுசாப் போயிருக்கும், தம்பி இருந்திருப்பான். பத்தாயிரம்தான். அரசாங்கம் காசு குடுக்காம ஓடிப்போற கடன்காரன் இல்ல, லேட்டாகும் அவ்வளவுதான், அந்த லேட்ட தாங்கற முதுகு பல்கலைக்கழகத்துக்கு இருக்கு, 1,800 சம்பளத்துல இருக்கற ஆர்ஏவுக்கு இல்ல. இந்த முழுக் கதையிலயும் நான் உறுதியா சொல்ற ஒரே முடிவு இதுதான்.

மாஸ்டர்ஸ் பிள்ளை விஷயத்தயும் சொல்லணும். அவ ஆய்வுக்கட்டுரை முழுக்க இந்த டேட்டாவுல. டேட்டா ஏஜென்சிக்குச் சொந்தம். அனுமதி கேட்டு 2018ல எழுதின கடிதத்துக்கு பதில் வந்தது 2019 கடைசியில, அதுவும் இடத்தோட பேர எடுத்துட்டு போடலாம்னு. இடத்தோட பேரு இல்லாத ஆத்து ஆய்வு எந்த ஜர்னல்ல போடுவாங்க. ஆய்வுக்கட்டுரைய மூடி வச்சு, தேர்வாளர்கள் மட்டும் படிச்சு, அவ பட்டம் வாங்கினா. வேலை தேடப் போறப்ப காட்ட ஒரு கட்டுரை கிடையாது. 2019 மார்ச்ல ஜொகூர் பாசிர் கூடாங்ல சுங்கை கிம் கிம்ல ரசாயனக் கழிவக் கொட்டி ஆயிரக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, 111 பள்ளிக்கூடத்த மூடினாங்க, அப்ப நாடு முழுக்க ஆத்துத் தண்ணிய பத்தி பேச்சு. எங்க கிட்ட ஒரு ஆத்தோட ரெண்டு வருஷ எண்ணு இருந்துச்சு, வாயத் திறக்க முடியாது.

பாக்சிக் ஒவ்வொரு தடவயும் கேப்பாரு. மோட்டார நிறுத்திட்டு, பாட்டில ஐஸ்ல அடுக்கறத பாத்துட்டே, மலாய்ல, "பிள்ளை, இந்த கெராங்க நாங்க சாப்பிடலாமா?" அவரு தினமும் சாப்பிடறாரு, பேரன் சாப்பிடறான். மொத தடவ கேட்டப்ப இன்னும் அளக்கல பாக்சிக்னு சொன்னேன், அது உண்மை. 2019 ஜனவரியில கேட்டப்ப எண்ணு எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ரிப்போர்ட் மேல போயிருக்கு, அவங்க சொல்லுவாங்கன்னேன். அவரு தலைய ஆட்டிட்டு மோட்டார இழுத்தாரு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

2022ல வேற ஒரு ஏஜென்சி, வேற ஒரு கடற்கரை, அதே மாதிரி கான்ட்ராக்ட் வந்துச்சு. இந்தத் தடவ டாக்டர் பேப்பர என் மேசையில வச்சு, "நீ படிம்மா மொதல்ல" அப்டின்னாங்க. மூணு நாள் வச்சுப் படிச்சேன். நாலு விஷயம் கேட்டோம். கையெழுத்துப் போட்டவுடனே 30 விழுக்காடு முன்பணம். ரிப்போர்ட் குடுத்து 30 நாள்ல பதில் வராட்டி ஏத்துக்கிட்டதா கணக்கு. காசு பிந்தினதால சாம்பிள் கெட்டா திரும்ப எடுக்கற செலவு அவங்களோடது. மனுஷங்க சாப்பிடற மீன் சிப்பி சம்பந்தப்பட்ட எண்ண அந்த இடத்து மக்களுக்குச் சொல்ல உரிமை. முன்பணம் 30 கேட்டதுக்கு 20 குடுத்தாங்க. முப்பது நாள அறுபது நாளாக்கி ஒத்துக்கிட்டாங்க. மூணாவதுக்கு எவ்வளவு பேசியும் முடியல. நாலாவதுக்கு, மொதல்ல ஏஜென்சி பாத்து, ஆறு மாசத்துக்குள்ள மறுப்பு சொல்லாட்டி வெளியிடலாம்னு ஒரு வரி சேத்தாங்க. அந்த வரிய வாங்கறதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு, டாக்டர் நாலு தடவ புத்ராஜெயா போய் வந்தாங்க. பல்கலைக்கழகத்துல முன்பண ஏற்பாடு இன்னும் வரல, கேட்டுக்கிட்டே இருக்கோம், ஒவ்வொரு வருஷமும் கடிதம் குடுக்கறேன், கடைசியா குடுத்ததுக்கு நிதிக் கூட்டத்துல எடுக்கறோம்னு பதில் வந்திருக்கு.

2018 ஜனவரி பாட்டில் 24ம் இன்னும் குளிர் அறையில, கீழ் தட்டுல இருக்கு. லேப் அண்ணே போன வருஷம் ரிட்டயர் ஆறதுக்கு முன்னாடி என்ன கூப்பிட்டுக் காட்டினாரு, "இத என்ன பண்றதுமா?" உள்ள ஆசிட் இருக்கு, சிங்க்ல ஊத்த முடியாது, பட்டியல்ல உள்ள கழிவு, லைசென்ஸ் உள்ள ஆளுங்க வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போகணும், கிலோவுக்குக் காசு. அந்தச் செலவ அந்த ப்ராஜெக்ட் வோட்ல இருந்துதான் எடுக்கணும்னு விதி, அந்த வோட்ட 2019 டிசம்பர்லயே மூடிட்டாங்க. லேபிள்ல இருக்கறது தம்பியோட கையெழுத்து. தேதி, இடம் ஒண்ணுல இருந்து பன்னண்டு, ஆசிட் சேத்த நேரம், கீழ அவன் பேரோட மொத எழுத்து, எதுவும் அழியல.